இறக்கியது படகையா, மீனையா?

போன கிழமை டிலானி தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு கந்தோரில் என் கதிரையில் இருப்பவள் அவள்தான்.

"றெஜினா அக்கா, இப்ப புதுசா வந்திருக்கிற ஏஜென்ட் சரியான கெட்டியாம். நாங்கள் ஒண்டும் விளக்கி எழுதத் தேவையில்லையாம். எல்லாத்தையும் தானே ஊகிச்சுக்கொள்ளுமாம்."

"ஊகிக்கிறதெண்டா நல்லா ஊகிக்கும். அதுதானே பயம்," என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அந்த 'இறக்கின கதை'யை எழுதித் தரச்சொல்லிக் கேட்டாள். தான் சொல்லப்போனால் பாதி விட்டுப்போகிறதாம். நான் வாயால் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவேன். ஆகவே எழுதுகிறேன்.

எங்களுடையது கடற்றொழிலாளர் சங்கங்களுக்குப் பதிவு வேலை செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கந்தோர். மன்னார் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வாசலில் கழுதை படுத்திருந்தால் கொஞ்சம் சுற்றி நடக்க வேண்டும். ரைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு அங்கே சேர்ந்தேன். அப்பா பேசாலையில் கடற்றொழில் செய்தவர், அதனால் படகுகளின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவேன் என்று நம்பி எடுத்தார்கள். சண்டைக் காலத்தில் மூன்று தடவை இடம்பெயர்ந்தோம். மூன்று தடவையும் பதிவுக் கொப்பிகளைப் பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். பிறகு ரைப்ரைற்றர் போய்க் கணினி வந்தது. கந்தோரை ஒரு கம்பனி பொறுப்பெடுத்தபோது என்னையும் அலுமாரியையும் சேர்த்துத்தான் எடுத்தார்கள். இப்படியே கிடந்து ஓய்வு வாங்கிவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கும்போதுதான் என் வாழ்க்கையிலேயே மிகச் சந்தோஷமான வேலை எனக்குக் கிடைத்தது.

அது என்ன வேலை என்று என் வீட்டுக்காரருக்கே நான் பல தடவை விளங்கப்படுத்தியிருக்கிறேன். தொழிலாளர்கள் தங்கள் போனில் குரல் செய்தி அனுப்புவார்கள். ஏஜென்ட் என்கிற செயற்கை அறிவு மென்பொருள் அதைக் கேட்டு விளங்கி, என்ன செய்ய வேண்டும் என்று தானே முடிவெடுக்கும். செய்வதற்கு அதன் கையில் சில கருவிகள் உண்டு. கருவி என்றால் சுத்தியல், குறடு இல்லை. ஒரு வேலையை மட்டும் செய்கிற சின்ன மென்பொருள். ஒன்று படகு கடலுக்குப் போனதைப் பதியும், ஒன்று திரும்பி வந்ததைப் பதியும், இன்னொன்று ஐஸ் கட்டிக்குச் சொல்லிவைக்கும், வேறொன்று காற்று நிலவரம் சொல்லும். கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஏஜென்டுக்குத் தெரியாது. அதன் பெயரையும், அதைப் பற்றி யாரோ எழுதிவைத்த சில வரிகளையும் வாசித்துத்தான் எதை எடுப்பது என்று தீர்மானிக்கும். அந்த 'யாரோ' நான்தான்.

என் மேலதிகாரி சஃப்ரா மிஸ், கொண்டச்சி ஊர்ப் பிள்ளை. என் மகளைவிட இரண்டு வயது இளையவர். ஒவ்வொரு நாளும் பஸ் நிலையத்தில் ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு வருவார். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் கச்சான் என்போம். நான் எழுதிய பக்கத்தை மேசையில் விரித்து, விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு வாசிப்பார். விளங்காத சொல் வந்தால் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அந்தச் சொல்லின் மேல் ஒரு கச்சானை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். முதல் நாள் என் பக்கத்தைப் பார்த்தால் கச்சான் காயப்போட்டிருக்கிறது போல இருந்தது.

"புறப்பாட்டுக் கருவி: புறப்பாட்டைப் பதியும்," என்று நான் எழுதியதை அவர் உரத்து வாசித்தார். "கதவெண்டா என்ன? கதவுதான். அப்பிடியோ அக்கா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முப்பது வருடமாக இந்தக் கந்தோரில் எழுதுகிறவள் நான். முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"இப்பிடி நினையுங்கோ அக்கா. இண்டைக்குத்தான் ஒரு பொம்பிளை வேலைக்கு வந்திருக்கிறா. நல்ல கெட்டிக்காரி, நிறையப் படிச்சவ. ஆனா கடலைக் கண்ணால கண்டதில்லை. விளங்காட்டித் திருப்பிக் கேக்கவும் மாட்டா. தனக்குச் சரியெண்டு பட்டதைச் செய்துபோட்டு, 'முடிச்சிட்டன்' எண்டு சிரிச்சுக்கொண்டு வந்து நிப்பா. அவவுக்கு எழுதுங்கோ."

அப்படி ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். வேலைக்கு வந்த முதல் வருடத்தில் நானே அப்படித்தான் இருந்தேன். கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்தோம். கருவி என்ன செய்யும் என்பது முதல் வரி. அதை எப்போது எடுக்க வேண்டும் என்பது அடுத்தது. எப்போது எடுக்கவே கூடாது என்பதற்கு அதைவிடக் கூடுதலான இடம். "எப்ப பாவிக்கக்கூடாது?" என்று மிஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்பார். தேத்தண்ணிக் கேத்தலைப் பார்த்தும் ஒருநாள் பழக்கதோஷத்தில் கேட்டார். பிறகு, நிரப்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் என்ன போடலாம் என்று எழுதுவோம். ஐஸ் கருவியில் 'அளவு' என்று மட்டும் இருந்ததை, 'எத்தனை கட்டி என்று முழு எண்ணாக. "கொஞ்சம்", "வழமைபோல" என்று சொன்னால் எத்தனை என்று கேட்டுவிட்டுப் போடு' என்று மாற்றினோம். கடைசியாக, கருவி பிழை விட்டால் என்ன சொல்லும், அப்போது அடுத்து என்ன செய்வது என்று எழுதுவோம். அரைப் பக்கத்துக்கு ஒரு முழுநாள் போகும்.

காற்றுக் கருவியை நான் மறக்கவே மாட்டேன். 'காற்று விபரம் தரும்' என்று மூன்று சொல்லில் முடித்திருந்தேன். ஒருநாள் ஒரு தொழிலாளி, "கச்சான் எப்பிடி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மேற்கிலிருந்து வீசுகிற காற்றுக்கும் எங்கள் ஆட்கள் கச்சான் என்றுதான் சொல்வார்கள். ஏஜென்ட் மிகவும் மரியாதையாக, "மன்னிக்கவும், எங்களிடம் கச்சான் விற்பனை இல்லை," என்று பதில் சொல்லியிருக்கிறது. இதை வாசிக்கும்போது மிஸ்ஸின் வாயில் கச்சான். சிரித்துப் புரைக்கேறி, நான் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்து, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் வாசித்து, திரும்பவும் புரைக்கேறியது. அன்று பின்னேரமே வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று நாலு காற்றையும் திசையோடு எழுதிச் சேர்த்தேன்.

இரண்டு வருடத்தில் நான் தேறிவிட்டேன். கச்சான் விழாத பக்கம் எழுதினால் மிஸ் சுருளையே என்னிடம் தந்துவிடுவார். கிழமையில் மூன்று சுருள் வாங்கிய காலமும் உண்டு. உடம்பும் கொஞ்சம் வைத்தது, தலைக்கனமும் கொஞ்சம் வைத்தது.

அந்த நேரத்தில்தான் ஹஜ்ஜுப் பெருநாள் வந்து மிஸ் ஊருக்குப் போனார். கருவிகளின் பெயரையெல்லாம் தொழிலாளர் கதைக்கிற தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்த படகைப் பதிகிற கருவி மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு நான் 'இறக்கம்' என்று பெயர் வைத்து, கீழே இப்படி எழுதினேன்: 'தொழிலாளி இறக்கியாச்சு என்று அறிவித்தால் இதைப் பாவித்துப் பதிவை முடிக்கவும்.' ஒருவருக்கும் காட்டவில்லை. என் பக்கத்தில்தான் கச்சான் விழுவதே இல்லையே! அப்படியே பாவனைக்கு விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் விடிய, பேசாலைச் சூசை தன் மச்சானோடு வடகடலுக்கு வெளிக்கிட்டார். வழக்கம்போல ஒரு குரல் செய்தி விட்டார்: "போட் இறக்கியாச்சு. ரெண்டு பேர்." முந்தின நாள் திரும்பி வந்ததை அவர் சொல்ல மறந்திருந்தார். அதனால் எங்கள் பதிவில் அவர் இன்னும் கடலில் நின்றார். ஏஜென்ட் பார்த்தது. கடலில் நிற்கிற படகு, 'இறக்கியாச்சு' என்கிறது. என் பக்கத்தை வாசித்தது. முந்தின நாள் பதிவை முடித்து, 'சூசை கரைக்கு வந்துவிட்டார்' என்று எழுதிவைத்தது. சூசை அந்த நேரம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

படகு நேரத்துக்கு வராவிட்டால் எங்கள் கணினியில் சிவப்பு அடையாளம் வரும். முந்தின நாளும் வந்தது; சூசை கரையில் நிற்கிறார் என்று சங்கச் செயலாளர் சொல்ல, அடையாளத்தை அணைத்துவிட்டுப் பதிவை அப்படியே விட்டிருந்தேன். கரைக்கு வந்துவிட்ட படகுக்கு அது வராது.

பின்னேரம் இரண்டு மணிக்குச் சூசையின் மனைவி பிலோமினா கந்தோருக்குள் வந்தாள். வெயிலில் வந்த முகம் சிவந்து கிடந்தது. கையில் போனைப் பிடித்திருந்தாள்.

"அக்கா, பத்தரைக்கு வாற மனிசன் இன்னும் வரேல்லை. உங்கட மெசினிட்டக் கேட்டா, வெள்ளண வந்திட்டார் எண்டு சொல்லுது. அப்ப ஆள் எங்க? நான் கள்ளுத் தவறணைக்குப் போய், நாலு பேருக்கு முன்னால அவற்ர பேரைச் சொல்லி ஏசிப்போட்டு வாறன். அங்கயும் இல்லை. தங்கச்சி வீட்டிலயும் இல்லை."

கணினியைத் திறந்தேன். கரைக்கு வந்துவிட்டார் என்றுதான் இருந்தது. சூசையின் குரல் செய்தியைப் போட்டுக் கேட்டேன். 'போட் இறக்கியாச்சு.' பின்னால் என்ஜின் சத்தம், தண்ணீர்ச் சத்தம். இன்னொரு தடவை போட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பிலோமினா, அவர் இன்னும் கடலில," என்றேன். "பிழை என்ர."

அது தெற்கிலிருந்து காற்று வீசுகிற சோளக காலம். தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கரையோரம் அமைதியாக இருக்கும். ஆனால் என்ஜின் நின்றுபோன படகைச் சோளகம் கரையிலிருந்து வெளியே, வெளியே என்று தள்ளிக்கொண்டு போகும். பத்தரைக்குத் தேடத் தொடங்கியிருக்க வேண்டியவர்களை மூன்றரை மணித்தியாலம் நான் பிந்தவைத்துவிட்டேன். சங்கச் செயலாளருக்கு எடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் பேசாலையிலிருந்து நாலு படகு வெளிக்கிட்டது. பிறகு நானும் பிலோமினாவும் தொலைபேசிக்கு முன்னால் இருந்தோம். அவள் செபமாலையை உருட்டினாள். நானும் கூடச் சொன்னேன், ஆனால் எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலரைக்கு அழைப்பு வந்தது. செயலாளர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "கண்டாச்சு! ரெண்டு பேரும் சுகம்! என்ஜினும் நிண்டு நங்கூரக் கயிறும் அறுந்து போச்சாம். கட்டி இழுத்துக்கொண்டு வாறாங்கள். விளைமீன் ஒரு பெட்டி வேற கிடக்காம்!"

பிலோமினா அழுதாள், சிரித்தாள், "வரட்டும் அவர்," என்று பல்லைக் கடித்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய தோளில் முகத்தை வைத்து நானும் வாய்விட்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை.

சந்தோஷம் இருந்தென்ன, குற்றம் குற்றம்தானே. அன்றிரவே, வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். காலையில் மிஸ் பெருநாள் விடுமுறையைப் பாதியில் விட்டு, கையில் பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். என் பக்கங்களை வாசிக்கிற அதே மாதிரி விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு பையில் கைவிட்டு, 'கவனயீனம்' என்ற சொல்லின் மேல் ஒரு கச்சானை வைத்தார்.

"இந்தச் சொல்லு விளங்கேல்லை அக்கா. நீங்கள் கவனமில்லாமல் எழுதேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சு எழுதியிருக்கிறியள். அது வேற, இது வேற. மாத்தி எழுதிக்கொண்டு வாங்கோ, பேந்து பாப்பம். அதோட, இன்னொராள் வாசிக்காமல் ஒரு பக்கமும் வெளியில போகக்கூடாது எண்டு நான் சட்டம் வைச்சிருக்கவேணும். அது என்ர பிழை. இனி நான் எழுதினாலும் நீங்கள் வாசிக்கவேணும். இப்ப வட்டிலப்பம் சாப்பிடுங்கோ."

அந்தக் கடிதத்தை நான் பிறகு மாற்றி எழுதவேயில்லை.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று போகப்போகத்தான் உறைத்தது. கரையில் கதிரைபோட்டு இருந்து முப்பது வருடம் மீன் நிறையைப் பதிந்தவள் நான். எனக்கு இறக்குவது என்றால் மீன். கடலுக்குப் போகிறவனுக்கு இறக்குவது படகு. என் அப்பாவே விடிய வெளிக்கிடும்போது "போட் இறக்கப் போறன்," என்று சொன்ன ஆள்தான். அது எனக்கு நினைவில் வராமல் போய்விட்டது.

மூன்று நாள் விடியப்புறம் பேசாலைக் கரைக்குப் போய் நின்றேன். யார் எதற்கு என்ன சொல் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். சூசைதான் முன்னுக்கு நின்று உதவி செய்தார். "அக்கா, நான் சரியாத்தானே சொன்னனான்? போட் இறக்கியாச்சு எண்டு. இதில என்ர தமிழில என்ன பிழை?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டுச் சிரிப்பார்.

பார்த்தால் 'இறக்கியாச்சு' தனியாக இல்லை. அதற்கு ஒரு சோடியும் இருந்தது. 'போட் ஏத்தியாச்சு' என்றால் படகை மணலில் இழுத்து ஏற்றியாயிற்று, ஆள் வந்துவிட்டார். 'ஐஸ் ஏத்தியாச்சு' என்றால் இனித்தான் போகப்போகிறார். மீனை இறக்கினால் வந்தவர், படகை இறக்கினால் போனவர். ஒரே சொல் ஆளைக் கடலுக்கும் அனுப்புகிறது, கரைக்கும் கொண்டுவருகிறது. கடலைக் கண்டிராத அந்தக் கெட்டிக்காரி என்ன செய்வாள்?

புதுப் பக்கம் பதினொரு தடவை மாறியது. கடைசியில் நின்றது இதுதான்:

'கரை திரும்பல். கடலுக்குப் போன படகு ஆட்களோடு திரும்பி வந்ததைப் பதியும். இதைப் பதிந்தால் அந்தப் படகை ஒருவரும் தேடமாட்டார்கள். ஆகவே நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் பாவிக்கவும். "இறக்கியாச்சு", "ஏத்தியாச்சு" என்ற சொற்களை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். எதை என்று பார்க்கவும். படகை இறக்கினால் போகிறார். மீனை இறக்கினால் வந்துவிட்டார். படகை ஏற்றினால் வந்துவிட்டார். ஐஸை ஏற்றினால் போகிறார். எதை என்று சொல்லாவிட்டால் கேட்கவும். பதில் வராவிட்டால் பதிய வேண்டாம், கந்தோருக்கு அறிவிக்கவும். முந்தின நாள் பதிவு முடியாமல் இருந்தால், அதை இன்றைய செய்தியால் முடிக்க வேண்டாம்.'

'ஒருவரும் தேடமாட்டார்கள்' என்ற வரி வேண்டுமா என்று அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த டிலானி கேட்டாள். கருவி செய்கிற வேலையை மட்டும் சொன்னால் போதாதா என்பது அவள் நினைப்பு. மிஸ் அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு தடவை வாசித்தார். "இதைத்தான் முதல் நாளில இருந்தே நாங்கள் எழுதாமல் விட்டது," என்றார். ஒன்றைப் பதிந்தால் வெளியே என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் பதிகிற கை கொஞ்சம் யோசிக்கும். அது யாருடைய கையாக இருந்தாலும்.

பரீட்சித்துப் பார்க்கப் பிலோமினாவையே கூப்பிட்டோம். அவள் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், வேண்டுமென்றே ஒரே சொல் சொன்னாள்: "இறக்கியாச்சு."

"எதை இறக்கினீங்கள்? படகையா, மீனையா?" என்று ஏஜென்ட் கேட்டது. கந்தோர் முழுக்கக் கைதட்டியது. மிஸ் எழும்பி நின்றே தட்டினார்.

பிலோமினா கைதட்டவில்லை. "அது சரி. நான் இவர் எங்க எண்டு கேட்டா என்ன சொல்லும்?" என்றாள்.

அதைப் பற்றி நாங்கள் யோசித்திருக்கவில்லை. வீட்டார் விசாரிக்கிற கருவி தனிக் கருவி. அதில், 'படகின் நிலையைச் சொல்லும்' என்று மட்டும்தான் இருந்தது. அதையும் உடைத்து எழுதினேன்: 'பதிவில் யார், எப்போது, என்ன சொன்னார் என்று மட்டும் சொல்லவும். அதற்கு மேல் ஊகித்துச் சொல்ல வேண்டாம். ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவும். கேட்கிறவர் கரையில் காத்திருக்கிறார்.' கடைசி வரி கருவிக்குத் தேவையில்லைதான். ஆனால் மிஸ் அதன் மேலும் கச்சான் வைக்கவில்லை.

மூன்று கிழமை போயிருக்கும். ஒருநாள் பதினொரு மணிக்குக் கணினியில் சூசையின் பெயருக்கு நேரே சிவப்பு அடையாளம் வந்தது. டிலானி உடனேயே செயலாளருக்கு எடுத்தாள். அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பிலோமினா வாசலில் வந்து நின்றாள்.

நல்லகாலம், செயலாளரிடம் சேதி இருந்தது. தலைமன்னார்ப் படகு ஒன்றுக்கு என்ஜின் நின்றுபோக, சூசைதான் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறாராம், அதுதான் பிந்தியதாம். கரைக்குக் கிட்ட வந்துவிட்டாராம். போனமுறை தன்னை இழுத்து வந்ததை இன்னொருவனுக்குத் திருப்பிச் செய்கிறார். டிலானி துள்ளிக் குதித்தாள்.

பிலோமினா கதிரையில் இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியை ஆற அமரக் குடித்தாள்.

"மெசினிட்டக் கேட்டனீங்களே?" என்று பயந்து பயந்து கேட்டேன்.

"ஓம் அக்கா, கேட்டனான். விடிய போட் இறக்கினதாச் சொன்னவராம். பேந்து ஒரு சேதியும் இல்லையாம். எங்க எண்டு தனக்குத் தெரியாதாம், கந்தோருக்குச் சொல்லியிருக்காம்."

"கோவமோ?"

"ஏன் கோவிக்கப்போறன்?" பிலோமினா கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள். "என்ர மனிசன் இருபத்திரண்டு வருசத்தில ஒருநாளும் 'எனக்குத் தெரியாது' எண்டு சொன்னதில்லை. இது சொல்லுது. இனி இதை நம்பலாம்."